கட்டிலும் சாக்கும்

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யை மூன்றாவது முறையாக நான் வாசித்தது ஏ.சி. போட்ட ஒரு டென்ட்டுக்குள். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2025 மே மாதம் எங்கள் டீமைப் பொள்ளாச்சிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். இடத்தின் பெயர் வேண்டாம். கேன்வாஸ் துணியில் கூடாரம், அதற்கடியில் மரப்பலகைத் தளம், உள்ளே பெரிய கட்டில், டீ போட கெட்டில், பின்பக்கம் வெந்நீர் வரும் குளியலறை. அட்டவணையில் இரவு எட்டரை மணிக்கு 'ஸ்டார்கேஸிங்' என்று போட்டிருந்தது. பத்து லட்சம் நட்சத்திர ஓட்டல் என்கிற அந்தப் பழைய விளம்பர வாசகமும் வரவேற்பு மேசைமேல் இருந்தது.

நாங்கள் போனது சித்ரா பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் வந்த சனிக்கிழமை. வானத்தைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தவர்கள் நட்சத்திரம் காட்டுகிறேன் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். முக்கால்வாசிக்கு மேல் வளர்ந்த நிலா கிழக்கே ஏறி நின்று மற்ற எல்லாவற்றையும் கழுவிவிட்டது. மிச்சத்தை யானை வராமல் இருக்கப் போட்ட ஃப்ளட் லைட்டும், டென்ட்டைச் சுற்றித் தொங்கவிட்ட சீரியல் பல்புகளும் பார்த்துக்கொண்டன. ஒரு பையன் டெலஸ்கோப்பை நிலாவுக்குத் திருப்பிக் கொடுத்தான். எல்லோரும் அதன் கண்ணாடியில் செல்போனை வைத்து ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு சிக்கன் சுடுகிற இடத்துக்குப் போய்விட்டார்கள். சுட்டுக்கொண்டிருந்ததும் அதே பையன்தான்.

இரண்டு மணி வாக்கில் தூக்கம் கலைந்து வெளியே வந்தேன். ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பையன் படுத்திருந்தான். யாருடைய கல்யாணத்துக்கோ வைத்த ஃப்ளெக்ஸ் பேனர் கீழே விரிப்பாக இருந்தது. கொசுவுக்கு, தலையிலிருந்து கால்வரை ஒரு வேட்டி. அன்றைக்கு அந்த இடத்தில் வானத்துக்குக் கீழே உண்மையாகவே படுத்திருந்த ஒரே ஆள் அவன்தான்.

நான் உள்ளே போய் விளக்கைப் போட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பயணத்துக்குத் தூக்கி வந்திருந்த புத்தகம், திட்டமிட்டுக் கொண்டுவந்ததல்ல.

'கூளமாதாரி' 2000-இல் வெளிவந்த நாவல். வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிமாநிலங்களுக்கும் வெளிநாட்டுக்கும் போனது. திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டாங்காட்டில் ஆடு மேய்க்கும் பண்ணயத்துப் பிள்ளைகளின் கதை. கூளையன், நெடும்பன், வவுறி. இவர்கள் மாதாரிப் பிள்ளைகள். கவுண்டர் வீடுகளுக்கு வருஷக் கணக்கில் ஆளாக விடப்பட்டவர்கள். கூளையனின் பண்ணயக்காரர் மகன் செல்வன், இவன் வயதை ஒட்டியவன். இரவில் பட்டிக் காவலுக்கு இரண்டு பேரும் சேர்ந்து காட்டில் படுக்கிறார்கள். நாவலின் கனம் முழுக்க இந்தச் சேர்ந்து படுக்கும் இரவுகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது இந்த மூன்றாவது வாசிப்பில்தான் எனக்குப் பிடிபட்டது.

முதல் முறை இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் படித்தேன். ஹாஸ்டலில் இருந்துகொண்டு ஊரை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்த காலம். எங்கள் பேச்சு அச்சில் வந்திருப்பதே அப்போது போதுமானதாக இருந்தது. பனங்கிழங்கு, பாழி, படல், கொறங்காடு என்று ஒவ்வொரு வார்த்தையும் வீட்டிலிருந்து வந்த பார்சல் போல இருந்தது. இரவுக் காவல் பகுதிகளை ஒருவித சுகத்தோடு வாசித்தேன். இரண்டு பையன்கள், ஆடுகள், இருட்டு, தலைக்கு மேல் வானம். எனக்கும் அது தெரியுமே என்று தோன்றியது. நான் செல்வனாக இருந்துகொண்டு அந்த நாவலைப் படித்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. தேங்காய் திருடியதற்காகக் கூளையனைக் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடும் இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது உண்மை. ஆனால் அதை ஒரு கொடுமைக்கார மனிதரின் செயலாக ஒதுக்கி வைத்துவிட்டு, மீண்டும் நட்சத்திரத்துக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன்.

இப்படி வாசித்தது நான் ஒருவன் மட்டுமல்ல என்றே நினைக்கிறேன். கொங்கு வட்டார எழுத்தைப் பற்றி நண்பர்களோடு பேசும்போதும், ஊர் நினைவுகளாக எழுதப்படும் கட்டுரைகளிலும் ஒரு படம் திரும்பத் திரும்ப வருகிறது. வாசலில் கயித்துக் கட்டில், பக்கத்தில் சொம்புத் தண்ணி, மேலே நட்சத்திரம், தாத்தா சொல்லும் கதை. இதில் பொய் ஒன்றும் கிடையாது. படத்தின் ஓரம் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். ஊர் என்றால் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை குறைந்த இந்தப் பூமியில் ஆடும் மாடும்தான் பிழைப்பு. எங்கள் அப்பாரு நாற்பது ஐம்பது குறும்பை ஆடு வைத்திருந்தார். பகலில் கொறங்காட்டில் மேயும். இரவில் விதைக்கப்போகும் காட்டில் பட்டி போடுவார்கள். பட்டி என்பது படல்களை வட்டமாக நிறுத்திக் கட்டிய அடைப்பு. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். ஓர் இடம் ஊறியதும் படலைப் பிரித்துப் பத்தடி தள்ளிக் கட்டுவார்கள். இப்படியே காடு முழுக்க நகர்ந்து முடியும்போது உரம் போட்ட வேலை முடிந்திருக்கும். நரிக்கும் திருடனுக்கும் பயந்து பட்டியோடு கூடவே ஆளும் நகர வேண்டும். யோசித்தால், கேம்பிங் என்று நாம் இன்றைக்குச் சொல்வதன் எல்லா உறுப்புகளும் இதில் உண்டு. தற்காலிக அடைப்பு, தினம் மாறும் படுக்கை, தூக்குப்போசியில் வரும் ராத்திரிச் சோறு, பேட்டரி லைட், கம்பளி. இதை உல்லாசம் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. சம்பளத்தில் சேர்ந்த வேலை.

வசதி என்ற ஒன்று அதிலும் இருந்தது. அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். கயித்துக் கட்டில் அற்புதமான சாமான். வெயில் காலத்தில் முதுகுக்கு அடியிலும் காற்று போகும். நாலு கால் உயரத்தில் படுத்தால் தேளும் பாம்பும் சுலபத்தில் ஏறாது. அலுங்காமல் இரண்டு பேர் தூக்கிப் போய்விடலாம். அதன்மேல் பவானி ஜமுக்காளம் ஒன்று. பட்டை பட்டையாகச் சிவப்பும் பச்சையும் ஓடுகிற, 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ஜமுக்காளம். ஓட்டு வீடு பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் திரும்பக் கக்கும். சித்திரை மாதத்தில் உள்ளே படுப்பவர் யார்? ஆக, வெளியே படுப்பது இயற்கை மேல் கொண்ட காதலால் வந்ததல்ல, ஃபேன் இல்லாததால் வந்தது. எங்கள் வீட்டில் சீலிங் ஃபேன் மாட்டிய கோடையில் அப்பாருவைத் தவிர எல்லோரும் உள்ளே போய்விட்டோம்.

பட்டியில் அப்பாருவின் கட்டில் ஒன்றுதான் உண்டு. காவலுக்கு வந்தவர் தரையில் படுப்பார். இரண்டு யூரியா சாக்கைப் பிரித்துத் தைத்த விரிப்பு. காவல் அவருடைய வேலை. அப்பாரு பட்டிக்குப் போனது வீட்டில் புழுக்கம் தாங்காமல்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய பேரன் அதே ஊரில் இருக்கிறார். பெயர் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எட்டு ஒன்பது வயதில் நான் அவரைப் பெயர் சொல்லி, 'வாடா, போடா' என்றுதான் கூப்பிட்டேன். அவருக்கு அப்போது ஐம்பது வயதுக்கு மேல். என்னை அவர் 'சின்னச் சாமி' என்பார். இந்தக் கட்டுரையில் 'அவர்' என்று எழுதும்போது ஒவ்வொரு முறையும் விரல் ஒரு கணம் தயங்குகிறது. மரியாதை விகுதி நினைவுக்குள் பின்னாலிருந்து போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

1997 ஏப்ரல் முதல் வாரம். நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வால் நட்சத்திரம் வந்திருக்கிறது, பொழுது இறங்கியதும் வடமேற்கே பாருங்கள் என்று சொல்லியிருந்தார். ஹேல்-பாப். அதைப் பார்க்கவே அப்பாருவோடு பட்டிக்குப் போனேன். நிலா இல்லாத நாள். தேடக்கூட வேண்டியிருக்கவில்லை, கிளுவை வேலிக்கு மேலே யாரோ சுண்ணாம்பு விரலால் இழுத்துவிட்ட மாதிரி நின்றது. நான் கட்டிலில் ஏறி நின்று கத்தினேன். அவர் படலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதுதானுங்களே சாமி, மாசி மாசத்துல விடியக்காலம் வடகெழக்கால நின்னுது. அதே வாலுதானுங்க. இப்ப இந்தப் பக்கம் வந்திருக்குது."

அப்பாரு படுத்தபடியே சொன்னார்: "வாலு வெச்சதெல்லாம் ஒண்ணாயிருமா? உனக்கென்றா தெரியும். கட்டிட்டுப் படு."

அவர் கட்டி முடித்துவிட்டுப் படுத்தார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கும் அப்பாரு சொன்னதுதான் சரி என்று பட்டது. வாத்தியார் சொன்னது சாயங்காலம், இவர் சொல்வது விடியக்காலம், திசையும் வேறு. இரண்டும் எப்படி ஒன்றாக முடியும்?

பல வருஷம் கழித்து, லேப்டாப்பில் ஸ்டெல்லேரியம் போட்டு விளையாடிக்கொண்டிருந்த ஓர் இரவில் இது நினைவுக்கு வந்தது. எந்த ஊரிலிருந்து எந்த நாளில் வானம் எப்படி இருந்தது என்று காட்டும் இலவச மென்பொருள் அது. ஊரின் அட்சரேகையைக் கொடுத்து 1997-க்குப் பின்னால் ஓட்டினேன். பிப்ரவரி கடைசி, விடியற்காலை ஐந்தரை: வடகிழக்கில் ஹேல்-பாப். மார்ச் நடுவில் அது சூரியனுக்கு வடக்கே சுற்றிக்கொண்டு போகிறது. ஏப்ரல் 1-ஆம் தேதி சூரியனுக்கு மிக அருகில். ஏப்ரல் முதல் வாரம், இரவு ஏழேகால்: வடமேற்கில் ஹேல்-பாப். அவர் சொன்னது திசையோடு, மாதத்தோடு சரி. விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோள் என்று கண்டுபிடிக்க மனிதர்களுக்கு எத்தனை தலைமுறை பிடித்திருக்கும்! அதே வகையான ஊகத்தை ஒரு மனிதர் சாக்கில் படுத்துக்கொண்டு, இரண்டு மாத இடைவெளியில், யாரும் கேட்காமல் செய்திருக்கிறார். மாசி விடியக்காலத்தில் அவர் விழித்திருந்தது வானத்துக்காக அல்ல, ஆட்டுக்காக. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் யாரும் விழித்திருக்கவில்லை.

அந்த வால் நட்சத்திரத்தில் இருக்கும் இரண்டு பெயர்களில் ஒன்று தாமஸ் பாப். அவர் வானியலாளர் கிடையாது. அரிசோனாவில் கட்டுமானப் பொருள்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். சொந்தமாக டெலஸ்கோப்கூட இல்லாதவர். 1995 ஜூலை 23 இரவு, பாலைவனத்தில் நண்பரின் டெலஸ்கோப்பில் ஒரு விண்மீன் கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே இருக்கக்கூடாத ஒரு மங்கல் இருப்பதைக் கவனித்துச் சொன்னார். சொன்னதை யாரோ கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். வித்தியாசங்கள் நிறைய. இருந்தாலும் அது ஒரு வித்தியாசம்.

இந்த இடத்திலிருந்து 'கூளமாதாரி'க்குத் திரும்பினால் நாவல் வேறு மாதிரித் தெரிகிறது. பகலில் மேய்ச்சல் காடு பிள்ளைகளின் ராஜ்ஜியம். அவர்களுக்குள் சண்டை, விளையாட்டு, பனங்காட்டு அறிவு, கேலி எல்லாம் அங்கே. பண்ணயக்காரரின் கண் எட்டாத அளவுக்கு அந்த வெளி பெரியது. இரவு வந்ததும் வெளி சுருங்குகிறது. பட்டியைச் சுற்றியுள்ள பத்து முழ வட்டத்துக்குள், பண்ணயக்காரரின் மகனோடு. வாசகனாக நாம் எதிர்பார்ப்பது தலைகீழாக: பகலில் வேலை, இரவில் இருட்டின் அணைப்பில் சமத்துவம். இரண்டு பையன்கள் ஒரே வானத்தைப் பார்த்தபடி படுத்தால் சாதி கொஞ்ச நேரம் தூங்கிவிடும் என்று நம்ப நமக்கு ஆசை. பெருமாள்முருகன் அந்த ஆசையைக் கடைசிவரை வளரவிட்டு வேலை வாங்குகிறார். சினேகம் உண்மைதான், அது எத்தனை உண்மையோ அத்தனைக்கு ஆபத்தும் கூடுகிறது. செல்வனுக்குக் காவல் இரவு வீட்டிலிருந்து கிடைத்த விடுதலை. கூளையனுக்கு அதே இரவு, ஆடு ஒன்று குறைந்தால் தன் தோலுக்கு வரும் கணக்கு. ஒரே தப்பை இருவரும் சேர்ந்து செய்தாலும் அதற்கு விலை கொடுப்பவன் ஒருவன். முடிவைப் படிக்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன். படித்தவர்களுக்கு ஒன்று: அந்த முடிவு திடீரென்று வருவதாக ஒரு காலத்தில் எனக்கும் குறை இருந்தது. இப்போது இல்லை. ஒவ்வொரு இரவும் அதை நோக்கி ஒரு முழம் நகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, பட்டி நகர்வதைப் போல.

குறையே இல்லாத நாவல் என்றும் சொல்லவில்லை. பிள்ளைகளின் விளையாட்டுகளை விவரிக்கும் சில பக்கங்களில் ஆசிரியருக்குள் இருக்கும் சொல் சேகரிப்பாளர் நாவலாசிரியரைத் தாண்டிப் போய்விடுகிறார். பண்ணயத்துச் சிறுவனின் மனசுக்குள் இருந்து பேசுவதாகத் தொடங்கும் ஒரு வாக்கியம், முடியும்போது அந்தக் காட்டைத் தள்ளி நின்று ரசிப்பவரின் வாக்கியமாகிவிடும் தருணங்களும் உண்டு. நான் முதல் வாசிப்பில் சுகமாகப் போய்ப் படுத்துக்கொண்டது அந்த வாக்கியங்களில்தான் என்று சந்தேகிக்கிறேன். தப்பு வாசகனுடையது மட்டுமல்ல. நாவலும் ஒரு ஜமுக்காளத்தை விரித்துத்தான் வைத்திருக்கிறது.

இதையே 'மாதொருபாக'னோடு வைத்துப் பார்க்கலாம். 2010-இல் வந்த அந்த நாவல் பற்றிய சண்டையில் அதன் தொண்டுப்பட்டியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. காளிக்குத் தொண்டுப்பட்டிதான் உலகம். மாடு, ஆடு, பூவரச மர நிழல், ஒரு கட்டில். ராத்திரி அவன் அங்கே படுப்பதற்கும் காவல்தான் காரணம் என்றாலும், ஊரின் ஏச்சிலிருந்து தப்பித்துத் தன்னோடு தான் இருக்க அவன் கட்டிக்கொண்ட இடம் அது. நிலம் அவனுடையது. அதனால் அந்த இரவுகளுக்கு ஒரு மெத்தென்ற தன்மை வருகிறது. ஒரே எழுத்தாளர், ஏறக்குறைய ஒரே மண், ஒரே ஆட்டு வாசம். படுப்பவன் மாறியதும் வானம் மாறுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். கொங்கு நாட்டு இரவு என்று பொதுவாக ஒன்று இல்லை என்பது புரியும்.

வெளியில் படுத்து நட்சத்திரம் பார்ப்பதில் இருக்கும் இந்தப் பிரிவினை நம் கிராமத்தோடு தொடங்கியதும் இல்லை. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், அந்தப் பத்தாண்டிலேயே கோயமுத்தூர்ப் பக்கம் வந்து முகாம் போட்டார். அவருடைய கணக்குகளில் 'புச்சாபொல்லியம்' என்று ஒரு நிலையம் வரும். நம் பச்சாபாளையம்தான். அட்சரேகை 10 பாகை 59 கலை. தலைக்கு நேர் மேலே கடக்கும் நட்சத்திரங்களின் கோணத்தை, ஐந்தடி ஆரம் கொண்ட ஒரு கருவியால் இரவு இரவாக அளந்து கண்டுபிடித்த எண். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வடக்கே பூமியின் வளைவை அளந்த கோட்டில் அது ஒரு புள்ளி. கொங்கு நாட்டில் கூடாரம் அடித்து நட்சத்திரம் பார்த்தவர்களில் கணக்கு எழுதி வைத்தவர் அவர். கருவிகளையும் கூடாரங்களையும் தலையிலும் மாட்டிலும் சுமந்தவர்கள், ராத்திரி கூடாரத்துக்கு வெளியே தீ மூட்டி உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கலெக்டர்களின் ஜமாபந்தி முகாம்களும் இதே ஏற்பாடுதான். 'கேம்ப்' என்ற சொல் தமிழில் அதிகாரி வருகையோடு ஒட்டிக்கொண்டது சும்மா அல்ல.

நியாயமாக இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். உல்லாசக் கேம்பிங்குக்கு 1908-இல் கையேடு எழுதிய தாமஸ் ஹைரம் ஹோல்டிங் லண்டனில் தையல்காரர். சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும்படி இலேசான கூடாரங்களைத் தானே தைத்தார். அவருடைய கேம்பிங்கில் சுமப்பவரும் படுப்பவரும் ஒரே ஆள். அதில் வசதி என்றால் எதை விட்டுவிட்டுப் போகலாம் என்பது. நாம் இங்கே இறக்குமதி செய்திருப்பது ஹோல்டிங்கின் பெயரை, கலெக்டரின் ஏற்பாட்டை. என் டென்ட்டின் ஏ.சி. எனக்கு உறுத்தவில்லை, மே மாதத்தில் யாருக்குத்தான் வேண்டாம்? சிக்கன் சுட்டு, டெலஸ்கோப் பிடித்து, தட்டு கழுவி, பேனரில் படுத்த பையனை நாங்கள் பன்னிரண்டு பேரும் 'தம்பி, தம்பி' என்று அன்பாகக் கூப்பிட்டோம் என்பது உறுத்துகிறது. பெயரைக் கேட்கவில்லை.

நடுவில் ஒரு தலைமுறை விட்டுப் போகிறது. என் அப்பா. பைக்காரா மின்சாரம் 1930-களில் கோயமுத்தூர்ப் பக்கம் வந்ததும் மில்களோடு சேர்ந்து கிணற்று மோட்டார்களும் பெருகின. விடியற்காலையில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலம் மெல்ல முடிந்தது. ஆனால் மும்முனைக் கரண்ட் ராத்திரியில் வரும் காலத்தில் விவசாயிக்குத் தூக்கம் போனது. அப்பா கிணற்று மேட்டில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு கரண்டுக்குக் காத்திருப்பார். நட்சத்திரம் பார்த்தீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "மோட்டார் ரூம் பல்பு எரியுதான்னுதான் பாத்துட்டுக் கெடப்பேன்" என்றார். பிறகு ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தது, அதன்பின் செல்போனிலிருந்து மோட்டார் போடும் ஸ்டார்ட்டர். அதை வாங்கிப் பொருத்திக் கொடுத்தது நான்தான். என் சம்பளத்தில் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று. அதோடு எங்கள் குடும்பத்தில் வெளியே படுக்கும் கடைசி ஆளும் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

இப்போது இருட்டுக்கே தட்டுப்பாடு. பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை விளக்குகள், திருப்பூரின் கம்பெனி வெளிச்சம், பைபாஸ் எல்.இ.டி. எங்கள் மொட்டை மாடியிலிருந்து வடக்கும் மேற்கும் எப்போதும் சாம்பல் நிறம். லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருண்ட வான் காப்பகம் வந்தது. அதைப் பார்த்து நம் அரசும் கொல்லிமலையின் அரியூர் சோலைக் காப்புக்காட்டில் இருண்ட வான் பூங்கா அறிவித்தது. நல்ல காரியம், நாமக்கல் மாவட்டத்தில் அது வந்தால் முதல் அமாவாசைக்கே கிளம்பிவிடுவேன். ஒரு சின்ன உறுத்தல் மட்டும். எங்கள் ஊரில் காலனிக்குத் தெருவிளக்கு வந்தது, ஊருக்கு வந்து பல வருஷம் கழித்து. மனு எழுதி, நடையாய் நடந்து வாங்கிய விளக்கு அது. இருட்டை இனி ஒரு சொத்தாகப் பார்க்கப் பழகும் நாம், விளக்கு வேண்டும் என்று கேட்டவர்களிடம் போய் அணையுங்கள் என்று சொல்வதற்கு முன்னால், பைபாஸையும் பண்ணைகளையும் நம் டென்ட்டின் சீரியல் பல்பையும் முதலில் அணைக்கலாம்.

சித்திரை, வைகாசி மாதங்களில் அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு, பத்து மணி வாக்கில் ஒளியில்லாத காடு ஒன்றுக்குப் போங்கள். நம் அட்சரேகைக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. தெற்கே அடிவானத்துக்கு இருபது பாகை உயரத்தில் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அப்படியே திரும்பினால் வடக்கே சப்தரிஷி மண்டலம். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு முதலாவது கிடையாது, ஆஸ்திரேலியாவின் தென்பகுதிக்கு இரண்டாவது முழுசாகக் கிடையாது. தலைக்குச் சற்றுத் தெற்கே வெள்ளையாகச் சித்திரை, அதற்கு வடகிழக்கே மஞ்சளாகச் சுவாதி, தென்கிழக்கில் ஏறிக்கொண்டிருக்கும் சிவப்புக் கேட்டை. துருவ நட்சத்திரம் பதினோரு பாகையில், வேலிக்கு மேலே மட்டும். லாம்டனின் அந்த 10 பாகை 59 கலை என்பது ஏறக்குறைய இதே உயரம்தான்.

சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு நட்சத்திரத்தை உற்றுப் பாருங்கள். வசிட்டர். ஒட்டினாற்போல மங்கலாக ஒன்று, அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் மண்டபத்துக்கு வெளியே கூட்டிவந்து கைநீட்டிக் காட்டுகிற நட்சத்திரம். மணப்பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தெரிகிறது என்று தலையாட்டுவாள். மாதாரிகளுக்கு அரசு ஆவணங்களில் இருக்கும் பெயர் அருந்ததியர். 2009-இல் 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது அந்தப் பெயரில். இதை நான் ஒரு பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் எத்தனையோ முறை அந்த நட்சத்திரத்தைக் காட்டும் வரிசையில் நின்றிருக்கிறேன். பந்தலுக்கு வெளியே நின்றவர்களின் பெயரும் அதுதான் என்பது ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவருடைய பேரனைப் பார்த்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். போனில் ஸ்டெல்லேரியம் போட்டு, 1997 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நகர்த்திக் காட்டி, அவருடைய தாத்தா சொன்னதைச் சொன்னேன். எங்கள் அப்பாரு சொன்ன பதிலையும் சேர்த்தே சொன்னேன். அவர் போனை வாங்கி இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். தாத்தா இறந்து பதினாறு வருஷம் ஆகிறது.

"இதப் பத்தியெல்லாம் எங்ககிட்ட ஒண்ணும் சொன்னதில்லீங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "எந்தக் காட்டுலீங்க படுத்திருந்தாரு?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் வண்டியில் போனோம். அந்தக் காட்டை அப்பா 2011-இல் விற்றுவிட்டார். இப்போது அங்கே கோழிப்பண்ணை, நீளமாக மூன்று கொட்டகை. பட்டி கடைசியாக இருந்த இடம் இரண்டாவது கொட்டகைக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவில் வரும் என்று ஒரு குத்துமதிப்பாகக் கையைக் காட்டினேன். அவர் வேலிக்கு வெளியே நின்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.